எட்டாம் மாடியில் எள்ளுச் சோறு

பச்சை மீன் பரிமாறும் அந்தக் கடையை எட்டாம் மாடியின் மேல் திறந்தது ஆடி அமாவாசையன்று, உச்சிப் பொழுதில். முதல் தட்டு மேசைக்கு வந்த கொஞ்ச நேரத்தில், செத்து ஒன்பது வருஷமான பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், எரிக்கக் கொண்டுபோனபோது உடுத்தியிருந்த அதே ஈர வேட்டியோடும் தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியோடும் லிஃப்டிலிருந்து இறங்கி நடந்து வந்து, தன் மகனுக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தாடைக்கட்டை அவிழ்த்து மடித்து மேசை ஓரத்தில் வைத்தார். வாயில் கிடந்த வாய்க்கரிசியைக் கைத்துணியில் துப்பினார். பிறகு மகனுடைய தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒன்று பாக்கியில்லாமல் தின்று முடித்து, "இன்னொரு தட்டு சொல்லு" என்றார். மகன் சொன்னான்.

அங்கே சமைத்தவர் மணிப்பூர்க்காரர். திருப்பூர் அவரை ஜப்பான்காரர் என்றே கூப்பிட்டது, அவரும் மறுக்கவில்லை. தனக்குக் கற்றுக்கொடுத்தபடி சோற்றைக் கையால் பிடித்து, மேலே ஒரு துண்டு மீன் வைத்து, அழகுக்காகக் கறுப்பு எள் தூவி, கறுப்புக் கல் தட்டில் அடுக்கி அனுப்பினார். மொட்டைமாடியில், அமாவாசை உச்சியில், எள் தூவிய சோற்று உருண்டையை இந்த ஊர் எந்த விருந்தாளிக்கு வைக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை, ஏனென்றால் ஊருக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. எப்படியாவது அங்கே ஒரு மேசை பிடிக்க வேண்டும். ஒரு உருண்டைச் சோற்றின் விலையில், கீழே சந்தைப்பேட்டையில் ஒரு குடும்பம் வாரம் முழுக்க மீன் தின்னலாம் என்று முதலில் சிரித்தவர்கள்தான் ஆவணி பிறந்ததும் ஆள் பிடித்துச் சிபாரிசு தேடினார்கள். செத்தவர்கள் தினமும் உச்சிப்பொழுதுக்கு வந்தார்கள். கடைக்காரர்கள் செருப்பில்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று விதி வைத்திருந்ததால், லிஃப்ட் வாசலில் ரப்பர் செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்தார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிற்றை அறுக்க ஒரு கத்தரிக்கோலும், தாடைக்கட்டுகளை வாங்கி வைக்க ஒரு தாம்பாளமும், வாய்க்கரிசி துப்ப ஒரு பீங்கான் கிண்ணமும் கூடவே வந்து சேர்ந்தன. அந்தச் சாமான்களுக்கும் பில்லில் தனி வரி இருந்தது. யாரும் தகராறு செய்யவில்லை.

செத்தவர்கள் உறவு பார்த்து வரவில்லை என்பது புரிய ஊருக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. தட்டு யாருடையது என்று அவர்கள் கவலைப்படவில்லை, காலியான நாற்காலியும் எள் தூவிய சோறும் எங்கே இருந்ததோ அங்கே உட்கார்ந்தார்கள். சாயப்பட்டறை முதலாளி ஒருவர் தன் தாயைப் பார்க்க வந்தார், ஆனால் அவர் மேசையில் வந்து உட்கார்ந்தது அவருடைய பட்டறைத் தொட்டியில் விழுந்து செத்த ஒரு ஆள். முழங்கை வரைக்கும் நீலம் போகாத கைகள். முதலாளி மேசை மாறினார். நீலக்கைக்காரனும் மேசை மாறினான். முதலாளி எழுந்து போய்விட்டார், அந்த ஆள் மட்டும் உட்கார்ந்து அவருக்கு வைத்த சோற்றை நிதானமாகத் தின்றான். மறுநாளிலிருந்து லிஃப்ட் வாசலில் இரண்டு தடியர்களை நிறுத்தி, வருகிற செத்தவர்களிடம் "நீங்க யாரோட ஆளு?" என்று கேட்டு, பேர் சொல்லத் தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வாசனை பிடித்தார்கள். ஊர் அதையும் பழகிக்கொண்டது. படியேறுகிறவர்கள் அவர்கள் கால்களைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டார்கள். சிலர் தாண்டும்போது எந்த மாடியில் எந்த ஆபீஸ் என்று அவர்களிடமே வழி விசாரித்தார்கள்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல்தான். எட்டாம் மாடிச் சோற்றின் ருசி கண்டபின் செத்தவர்கள் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. காங்கேயம் சாலையிலிருந்து அவிநாசி சாலை வரைக்கும் மொட்டைமாடிச் சுவர்களில் வைத்த சோறெல்லாம் வெயிலில் காய்ந்து வெடித்தது. காக்கைகள் பறந்தன, கரைந்தன, சுவரில் வந்து உட்காரவும் செய்தன, தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்துவிட்டுப் போயின. காக்கை தொடாமல் திதி முடியாது, திதி முடியாமல் வீட்டில் யாரும் வாய் நனைக்க முடியாது. பசி பொறுக்காதவர்களுக்காகக் காலில் நூல் கட்டிய காக்கைகளை வாடகைக்குக் கொண்டுவரும் ஒருவர் மங்கலம் சாலையில் கிளம்பினார். வசதியானவர்கள் எட்டாம் மாடிக்குப் போனார்கள், இல்லாதவர்கள் அவரைத் தேடிப் போனார்கள்.

சென்னியப்பனின் மனைவி துளசிமணிக்கு வருஷத் திதி வந்தது இந்தச் சமயத்தில்தான்.

சென்னியப்பன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். ஊரில் நல்ல பேர். குடியில்லை, சீட்டாட்டமில்லை, மனைவியைக் கைநீட்டி அடித்ததாக ஒரு சொல் கிடையாது. துளசிமணி முப்பத்தோரு வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மீன் எடுத்தால் நடுத்துண்டுகள் அவருக்கு, வால்பக்கம் மகளுக்கு, தலை அவளுக்கு. அவர் தின்று முடித்துத் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தால் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போவாள், பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே தலையை உடைத்துச் சாப்பிடுவாள். தலைதான் தனக்குப் பிடிக்கும் என்று அவளே சொல்லியிருந்ததால் அவர் வேறுவிதமாக நினைக்க இடமே இல்லாமல் போயிற்று. போன மார்கழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவில்லை. புருஷனுக்கு முன்னால் போனவள் என்று கூறைச்சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, மஞ்சள் பூசி அனுப்பினார்கள். கொடுத்துவைத்தவள் என்று தெரு முழுக்கச் சொன்னது.

மகள் பிரவீணாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. செவ்வாய் தோஷ ஜாதகம். நாலு வருஷமாக வந்து காபி குடித்துவிட்டுப் போனவர்களின் முகங்கள் அவளுக்கு ஒன்றோடொன்று குழம்பிப்போயிருந்தன. கடைசியில் பெருந்துறையிலிருந்து ஒரு வரன் ஒத்துவந்தது. மாப்பிள்ளைக்கு மாசிக்குள் வெளிநாடு போக வேண்டும், அதனால் தையில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா சம்பூரணம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"எங்களுக்கு நகைநட்டெல்லாம் பெருசில்லீங்க சம்பந்தி. செத்தவங்க மனசு நெறஞ்சிருக்கோணும், அவ்வளவுதான். மூத்தவனுக்கு இப்படித்தான் காக்கா தொடாத வீட்டுல பொண்ணெடுத்தோம். பத்தாவது மாசம் பொட்டியக் கட்டிட்டா. திதியன்னிக்கு நானே வந்து என்ற கண்ணால பாக்கறேன்."

மார்கழி வெயில் கூட திதியன்று சுள்ளென்று இருந்தது. மொட்டைமாடிச் சுவரில் இலை போட்டு, துளசிமணிக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. பார்த்தது. தொடவில்லை. செத்தவளுக்கு மனக்குறை இருந்தால் அதைத் தீர்ப்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சரியான வாக்கு வந்து விழுந்ததும் காக்கை தொடும், அதுதான் முறை. "பிரவீணாவ நல்ல எடத்துல குடுத்தர்றேன்" என்றார் சென்னியப்பன். காக்கை சும்மா இருந்தது. "உன்ற தம்பியோட பேசிக்கறேன்." சும்மா இருந்தது. "பழனிக்கு நேந்தத முடிச்சர்றேன். உன்ற வளையல அப்படியே புள்ளைக்குத்தான் போடறேன். வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்." சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு வாக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். யாரோ, அவள் கேட்ட மிக்சியா இருக்குமோ என்றார்கள், மிக்சியும் வாக்களிக்கப்பட்டது. காக்கை இறகைக் கோதிக்கொண்டு பறந்து போயிற்று.

"வாடகைக் காக்கா வேணுமின்னா—" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"அதெல்லாம் ஆவாதுங்க" என்றாள் சம்பூரணம். "சரி, வர்றனுங்க. தை பொறக்கறதுக்குள்ள சொல்லி அனுப்புங்க. இல்லீன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

பிரவீணா இலையை எடுக்கவில்லை. சுவரோரம் நின்று அம்மாவுக்கு வைத்த சோறு காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அடுத்த தெரு டெய்லர் குப்புராஜ் வந்தார். எட்டாம் மாடிப் பணியாளர்களுக்குக் கறுப்பு அங்கி தைத்துக் கொடுப்பவர்.

"ஏனுங்க மாஸ்டர், சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டிருந்தேன். உங்க சம்சாரத்த அங்க பாத்தனுங்க."

"துளசிமணியவா?"

"செவப்புச் சேலை, தலை நெறையப் பூவு. ஜம்முன்னு உக்காந்து சாப்புட்டுட்டு இருந்தாங்க. தெனமும் வாசல்ல ஆரோ ஒருத்தரு பேரச் சொல்லி உள்ள வந்தர்றாங்களாமா."

"யாரு கூட?"

"யாரோ கம்பெனிப் புள்ளைங்க கூடங்க. ஒரே சிரிப்பு."

துளசிமணி சிரித்துச் சென்னியப்பனுக்கு நினைவில்லை என்று சொல்ல முடியாது, கல்யாணப் படத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் ஒரே சிரிப்பு என்கிற சிரிப்பு அவருக்குத் தெரியாது. மேசை பிடிப்பதற்காக வீட்டை ஒட்டியிருந்த காலிமனையை விற்றார். சம்பூரணத்துக்குச் சொல்லி அனுப்பினார். மார்கழி முடிய இன்னும் சில நாள் இருக்கையில், அவரும் பிரவீணாவும் சம்பூரணமும் லிஃப்டில் ஏறினார்கள். அவர்களோடு செத்த கிழவர் ஒருவரும் ஏறினார். எத்தனையாம் மாடி என்று சம்பூரணம் மரியாதையாகக் கேட்டு, அவருக்கும் சேர்த்து எட்டை அமுக்கினாள்.

மேலே மூங்கில் தட்டி வேய்ந்த பந்தலும், தண்ணீர் தெளிக்கும் விசிறிகளும், கீழே ஊர் முழுக்கப் புகையும் தெரிந்தன. மேற்பார்வையாளர் கிளமெண்ட் தூத்துக்குடிக்காரர், மீன் விஷயம் தெரிந்தவர் என்று எடுக்கப்பட்டு, இப்போது செத்தவர்கள் விஷயத்தில் தேர்ந்துவிட்டவர். அவர்களை ஒரு மேசைக்குக் கூட்டிப்போய், நாலாவது நாற்காலியைக் காலியாக இழுத்து வைத்தார்.

துளசிமணி மூன்று மேசை தள்ளி இருந்தாள். ஐந்தாறு இளம்பெண்கள் யாருடைய பிறந்தநாளுக்கோ வந்திருந்தார்கள், அவர்கள் நடுவில் கூறைச்சேலையும் வாடாத கதம்பமுமாக உட்கார்ந்து, ஒருத்தி காதில் சொன்ன எதற்கோ மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போது அவளுக்கு வலது பக்கம் ஒரு பல் இல்லாதது தெரிந்தது. அந்தப் பல் எப்போது போனதென்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.

"துளசீ" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"கூப்பிட்டா வரமாட்டாங்க சார்" என்றார் கிளமெண்ட். "நீங்க பேரச் சொன்னா அவங்களுக்குக் கேக்காது. தட்டு வைக்கணும்."

தட்டு வந்தது. கறுப்புக் கல்லில் எட்டு உருண்டைகள், ஒவ்வொன்றின் மேலும் தலையுமில்லாத வாலுமில்லாத முள்ளுமில்லாத ஒரு துண்டு நடுக்கண்டம், மேலே எள். காலி நாற்காலிக்கு முன்னால் வைத்ததும் துளசிமணி அந்தப் பெண்களிடம் விரலைக் காட்டி, இதோ வருகிறேன் என்பது போலச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவிழ்த்த தாடைக்கட்டைக் கழுத்தில் துப்பட்டா போல அழகாகச் சுற்றியிருந்தாள். உட்கார்ந்தாள். மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சம்பூரணத்தைப் பார்த்து வணக்கம் வைத்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள். தொடவில்லை.

"அங்க மட்டும் நல்லா சாப்பிட்டாங்களே" என்றாள் சம்பூரணம், கிளமெண்டிடம்.

"அங்க யாரும் எதுவும் கேக்கல மேடம். இங்க காரியத்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க. அவங்களுக்கும் ஒரு காரியம் இருக்கும்."

சென்னியப்பன் முதலிலிருந்து ஆரம்பித்தார். மகள் கல்யாணம், தம்பி, பழனி, வளையல், மிக்சி. பிறகு சுவரில் சொல்லாததையெல்லாம் சொன்னார். அவள் பேரில் அன்னதானம், அவள் ஊர்க் கோயிலுக்கு மணி, கூடத்தில் மாட்ட ஆளுயரப் படம். துளசிமணி பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், பஸ் வரும் வரைக்கும் பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்பது போல. பிரவீணா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் கையையே பார்த்தாள். கை அசையவில்லை. சென்னியப்பன் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய வாக்கை எடுத்து வைத்தார்.

"இன்னும் ஏழு பொறப்பெடுத்தாலும் நான்தான் உனக்குப் புருசனா வருவேன் துளசி. இது சத்தியம்."

துளசிமணி தட்டை ஒரு விரலால் மெல்லத் தள்ளிவைத்தாள். பிறகு கிளமெண்டைப் பார்த்து, கடையில் உப்பு கேட்கிற குரலில் பேசினாள்.

"தம்பி, அதத்தான் வேண்டாமுங்கறேன். அடுத்த பொறப்புல இவரு எனக்கு வேண்டாம். வரமாட்டேன்னு சொல்லச் சொல்லுங்க. சொன்னாத் திங்கறேன்."

விசிறிகள் தண்ணீர் தூவின. சம்பூரணம்தான் முதலில் பேசினாள். "இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். சொல்லிப்போடுங்க சம்பந்தி. வர்றதும் வராததும் ஆரு பாக்கப்போறா."

"உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்?" என்றார் சென்னியப்பன்.

துளசிமணி கிளமெண்டிடமே பதில் சொன்னாள். "கொறைன்னு ஒண்ணுமில்லீங்க தம்பி. நல்ல மனுசன். ஆனாப் போதும்." பந்தியில் மறுசோறு வரும்போது இலைக்கு மேல் கையை மறித்துக் காட்டுவது போலக் காட்டினாள். அதில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஏதாவது பேச இருந்திருக்கும்.

அவர் மகளைப் பார்த்தார். பிரவீணா அம்மாவையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள்.

"சொல்லிருங்கப்பா" என்றாள்.

"கண்ணு, இது—"

"எனக்கு இருக்கறது இந்த ஒரு பொறப்புத்தானப்பா. சொல்லிருங்க."

கிளமெண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாயால சொன்னாப் பத்தாது சார். எள்ளும் தண்ணியும் விட்டுச் சொல்லணும். அப்பதான் அந்த உறவு திரும்ப வராது." எங்கேயோ மலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் புட்டி ஒன்றைத் திறந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். பிறந்தநாள் பெண்கள் கைபேசிகளை உயர்த்தினார்கள்.

சென்னியப்பன் அவளுடைய தட்டிலிருந்து கொஞ்சம் எள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கிளமெண்ட் புட்டியைச் சாய்த்தார். "வரமாட்டேன்" என்றார். தண்ணீர் கட்டைவிரல் வழியாக வழிந்தது. கேட்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "துளசிமணிக்கு நான் இனி எந்தப் பொறப்புலயும் புருசனா வரமாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எள் அடித்துக்கொண்டு போய் மேசை விரிப்பில் கறுப்பாக ஒட்டியது.

துளசிமணி தட்டை இழுத்துக்கொண்டாள். முதல் உருண்டையை எடுத்து மீன் பக்கமாக வாயில் வைத்து, கண்ணை மூடி மென்றாள். இரண்டாவதை இன்னும் மெதுவாக. கடைப் பணியாளர்கள் வழக்கப்படி வந்து வெண்கலத் தட்டைத் தட்டிக் கைதட்டினார்கள், மேசை மேசையாகக் கைதட்டல் பரவியது. சம்பூரணம் கைபேசியில் அவள் தின்பதைப் படம் எடுத்துப் பெருந்துறைக்கு அனுப்பினாள், அனுப்பிய கையோடு தை இருபதா இருபத்தேழா என்று கேட்டாள், பிரவீணா இருபது என்றாள். மண்டபம் எது, எத்தனை பந்தி, பூவுக்கு யார் என்று இரண்டு பேரும் பேசப் பேச, நடுவில் துளசிமணி எட்டு உருண்டையையும் தின்று, விரல்களை ஒவ்வொன்றாக நக்கி, கைத்துணியில் துடைத்துக்கொண்டாள். மகளின் கன்னத்தை ஒருதரம் வழித்தாள். "வெயில்ல அலையாத" என்றாள்.

பிறகு எழுந்தாள். அவள் போவதற்கு சென்னியப்பனின் நாற்காலிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில்தான் வழி இருந்தது, அங்கே அவர் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் அவரை "ஏனுங்க" என்பதைத் தவிர வேறெதுவும் கூப்பிட்டு அறியாதவள் அவருக்கு முன்னால் வந்து நின்று, அவர் முகத்தை நேராகப் பார்த்து, வழியில் யாரிடமோ ஒரு தயவு கேட்கிறவர்கள் சிரிப்பது போல நல்லவிதமாகச் சிரித்தாள்.

"காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்கண்ணா" என்றாள். "அந்தப் பக்கம் போகோணும்."

சென்னியப்பன் காலை மடக்கிக்கொண்டார்.